அண்ணி இன்னும் சரி சொல்லவில்லை

என் அண்ணிக்கு ஊரில் வைத்த பெயர் ரேடியோ. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்த அன்றே யாரோ வைத்துவிட்டார்கள். யாரோ என்ன, நான்தான் வைத்தேன். புதுப்பெண் என்றால் ஒரு வாரமாவது தலையைக் குனிந்துகொண்டு இருப்பாள் என்று எதிர்பார்த்தோம். இவள் வாசலில் கால் வைத்ததும் கூரை ஏன் சாய்ந்திருக்கிறது என்று கேட்டாள். அதற்கு என் அண்ணன் சொல்ல ஆரம்பித்த பதில் இன்னும் பாதியிலேயே நிற்கிறது. பாவம் அவன், கல்யாணத்துக்குப் பிறகு எந்த வாக்கியத்தையும் முடித்ததில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் ஒரு திட்டம் வந்து, வாய் திறக்கத் தெரியாத மலைப்பெண்ணை வாய் திறக்க வைத்தோம் என்று ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அண்ணி மேல் எனக்குப் பொறாமை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட வேண்டாம்.

எங்கள் குடியிருப்பு மலை மேல், காட்டை ஒட்டி இருக்கிறது. இறங்கினால் ஒரு காட்டாறு. அதைத் தாண்டினால் ஜீப் ரோடு, ரோடு போய் நிற்குமிடத்தில் ஆஸ்பத்திரி. வெயில் காலத்தில் ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர் ஓடும். ஜீப் அதிலேயே இறங்கி ஏறி எங்கள் வாசல் வரை வந்துவிடும். மேலே மழை பெய்து ஆறு பெருகிவிட்டால் அந்தக் கரையில் இருப்பவர் அந்தக் கரையில், இந்தக் கரையில் இருப்பவர் இந்தக் கரையில். கீழே இருப்பவர்கள் எங்களைக் காட்டு ஜனங்கள் என்பார்கள். அரசாங்கக் காகிதத்தில் நாங்கள் பழங்குடி. திட்டம் வந்தபோது எங்களுக்குத் தொலைதூரச் சமூகம் என்று ஒரு புதுப் பெயர் வைத்தது. எங்களைக் கேட்டால், நாங்கள் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறோம். தூரத்தில் இருப்பது அவர்கள்.

திட்டத்தின் பெயர் நீளமானது. பெண்கள், ஆரோக்கியம், அதிகாரம், சமூகம், தலைமை எல்லாம் அதில் வரும். முதல் வேலையாக எங்களுக்கு இரண்டு அறையில் ஒரு சுகாதார வீடு கட்டினார்கள். நல்ல கட்டடம், பொய் சொல்லக் கூடாது. ஒரு கட்டில் போட்டார்கள், தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். வெளிச்சுவரில் ஆள் உயரத்துக்கு, 'இங்கே சமூகமே முடிவெடுக்கும்' என்று ஊதா நிறத்தில் எழுதினார்கள். எழுதிய பெயின்டர் எங்களிடம் வந்து எந்த நிறம் வேண்டும் என்று கேட்டார். அந்தத் திட்டத்தில் எங்களை ஒரு முடிவெடுக்கச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். நாங்கள் பச்சை என்றோம். அவரிடம் ஊதாதான் இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் விளங்காது. எங்களிடம் ஓட்டெடுப்பு கிடையாது. ஒருவர் ஒரு விஷயத்தை எடுத்தால் சுற்றி இருக்கிற எல்லாரும் அதைப் பற்றி ஒரு சுற்றுப் பேசியாக வேண்டும். கடைசியில் பேச்சை எடுத்தவர் "சரி" என்று சொல்ல வேண்டும். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருகிறவரை கூட்டம் முடியாது. பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போகலாம், அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம், வீட்டுக்குப் போய்த் தூங்கவும் செய்யலாம். ஆனால் அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். வாய்க்காலை எந்தப் பக்கம் வெட்டுவது என்று ஆரம்பித்த கூட்டம் ஒரு கோடை முழுக்க நடந்தது. வாய்க்கால் இன்று வரை உடையவில்லை, அதுவும் உண்மை.

முதல் கூட்டத்துக்குத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் வந்தார். முகத்தில் பாதியை மறைக்கிற கண்ணாடி போட்டிருந்ததால் எங்களுக்கு அவர் கண்ணாடிக்காரம்மா. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தான் சொல்வதையெல்லாம் தானே நம்புகிறவர், அதுதான் அவரிடம் இருந்த வம்பு. கூட்டத்தில் பேச வேண்டும் என்றால் கை தூக்க வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பிறகு, "உங்கள்ல யாரெல்லாம் தலைமை ஏற்க விரும்பறீங்க?" என்று கேட்டுவிட்டுச் சுற்றிப் பார்த்தார்.

அண்ணி கை தூக்கினாள். தலைமைக்கு இல்லை. அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது.

"ஏம்மா, நர்ஸம்மா வாரத்துக்கு ஒரு நாள் வந்துட்டு ஜீப்போட ஓடிடறாங்களே. இங்கயே எப்பத் தங்குவாங்க? பிள்ளை என்ன, வாரத்துல அந்த ஒரு நாள் பார்த்தா பொறக்கும்?"

கண்ணாடிக்காரம்மா முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க! கேள்வி கேக்கறாங்க! இதுதான் தலைமைப் பண்பு!" என்று கை தட்டினார். கூட வந்தவர்களும் தட்டினார்கள். அண்ணிக்கு ஓர் ஊதா டீ-ஷர்ட்டை மாட்டி, மகளிர் சுகாதாரக் குழுவின் தலைவி என்று போட்டோ எடுத்தார்கள். மானத்தோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு உபதலைவி என்று ஒன்றைக் கொடுத்தார்கள். டீ-ஷர்ட் தீர்ந்துவிட்டதாம். டிரைவர் ஹாரன் அடித்தார், எல்லாரும் ஏறிப் போய்விட்டார்கள்.

அவர்களைப் பொறுத்தவரை கூட்டம் வெற்றிகரமாக முடிந்தது. எங்களைப் பொறுத்தவரை அண்ணி சரி சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பயிற்சிகள் ஆரம்பித்தன. நர்ஸ் வேண்டும் என்று கேட்டால் தன்னம்பிக்கைப் பயிற்சி வரும். நர்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டால் தகவல் தொடர்புப் பயிற்சி வரும். ஒரு பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாயச் சொன்னார்கள், கூட இருக்கிறவர்கள் பிடித்துக்கொள்வார்கள், நம்பிக்கை வளரும் என்று. விறகுச் சுமையோடு செங்குத்துப் பாதையில் ஒருத்திக்கு ஒருத்தி கை கொடுத்து ஏறுகிறவர்கள் நாங்கள். சிரித்துச் சிரித்து யாருமே யாரையும் பிடிக்கவில்லை, பயிற்சி கொடுத்தவரே போய்ப் பிடித்தார். இன்னொரு தடவை அவரவர் கனவைப் படமாக வரையச் சொன்னார்கள். அண்ணி வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண்ணைக் கட்டில் பக்கத்தில் வரைந்தாள். கண்ணாடிக்காரம்மா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுகாதார வீட்டுச் சுவரில் மாட்டினார். வெறும் கட்டிலுக்கு மேல் அந்த நர்ஸ் தொங்கிக்கொண்டிருந்தாள். வாரத்தில் எல்லா நாளும் இருந்த நர்ஸ் அவள் ஒருத்திதான்.

அண்ணியைச் சும்மா சொல்லக் கூடாது, அந்த டீ-ஷர்ட் அவள் தலைக்கு ஏறிவிட்டது. துவைத்து வெயிலில் காயப்போட்டால் எல்லாரும் பார்க்கிற பக்கமாகத்தான் போடுவாள். வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வரும்போதெல்லாம் அவள் ஒரு பேச்சுப் பேச வேண்டும். கண்ணாடிக்காரம்மா எழுதிக்கொடுத்தது.

"முன்னாடி நான் வீட்டை விட்டு வெளிய வந்ததே இல்லை. நாலு பேர் முன்னால வாய் திறந்ததே இல்லை. இப்ப தைரியமாப் பேசறேன். இதுக்கெல்லாம் காரணம் இந்தத் திட்டம்."

முதல் தடவை இதைக் கேட்டபோது என் அண்ணன் புரையேறி இருமியதில் கூட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. வாய் திறந்ததே இல்லையாம்! அதிலிருந்து சொந்தக்காரர்களை முன்வரிசையில் உட்கார வைப்பதில்லை. அண்ணி தேறிக்கொண்டே போனாள். "வாய் திறந்ததே இல்லை" என்கிற இடத்தில் ஒரு சின்ன நிறுத்தம், முந்தானை நுனியால் கண்ணோரத்தில் ஓர் ஒற்றல். விருந்தாளிகள் அழுதுவிடுவார்கள். பெரிய பெரிய நகரங்களுக்கெல்லாம் போனாள். ஓட்டல் அறையில் கட்டில் எவ்வளவு மெத்தென்று இருந்தது என்று வந்து எங்கள் உயிரை எடுப்பாள்.

"ஏன் அண்ணி, இப்படிப் பொய் சொல்றீங்களே, வெக்கமா இல்லையா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவங்களுக்கு அழணும்போல இருக்கு, அழுதுட்டுப் போகட்டுமே. நாலு தடவை அழுதா அஞ்சாவது தடவை நர்ஸைக் குடுப்பாங்க."

அவள் கணக்கு அதுதான். அழுதார்கள், கொடுக்கவில்லை.

இனி சொல்வதில் சிரிப்பில்லை. ஒரு வருஷம் மழையில் அண்ணியின் மகளுக்குத் தலைப்பிரசவ வலி வந்தது. அது நர்ஸம்மா வராத நாள். குழந்தை குறுக்கே கிடப்பதுபோல் இருந்தது, எங்கள் கைக்கு அடங்குகிற விஷயமில்லை. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரை வரைக்கும் போனோம். ஆறு கரை புரண்டு ஓடியது. வலி எடுத்ததுமே ஆஸ்பத்திரிக்கு ஆள் விட்டிருந்தோம்; அக்கரையில் ஜீப் நிற்கிறது, டிரைவர் நிற்கிறார், நர்ஸம்மா நின்று கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்துகிறார், தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கரையில், மழையில், கல்லின் மேல் குழந்தை பிறந்தது. அழவில்லை. ஆண் குழந்தை. அக்கரையில் நர்ஸம்மா அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தார். எனக்கு இப்போதும் அந்தக் கல்லைப் பார்க்கப் பிடிக்காது, சுற்றிக்கொண்டுதான் போவேன்.

ரேடியோ நின்றுவிட்டது. அண்ணி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சமைத்தாள், மகள் தலையைத் தடவினாள், உட்கார்ந்திருந்தாள். அவள் பேசினால் போதும், என்னை நாலு வசவு வைதாலும் போதும் என்று நான் ஏங்கிப்போனேன்.

அந்தச் சமயம் பார்த்து விருந்தாளிகள் வந்தார்கள். ஏற்கெனவே தேதி வைத்தது, மாற்ற முடியாதாம். அண்ணியை மேடையில் ஏற்றினார்கள். "முன்னாடி நான்" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். விருந்தாளிகள் தேம்பித் தேம்பி அழுதார்கள். இறங்கி வந்ததும் கண்ணாடிக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்குத்தான் ரொம்ப இயல்பா வந்தது" என்றார். நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அந்த அழுகைக்குப் பலன் இருந்தது. நர்ஸம்மா வாரத்தில் பாதி நாள் எங்களோடு தங்க ஏற்பாடு செய்தார்கள். தகரப் பெட்டியோடு வந்தார், உள்ளறையில் கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டார், எங்களோடு சண்டை போட்டார், ஊர் அவருக்கும் பழகிவிட்டது. அண்ணியின் மகள் மறுபடி முழுகாமல் இருந்தாள். இந்தத் தடவை ஆளும் இருக்கிறார், கட்டிலும் இருக்கிறது என்று அண்ணி பழையபடி பேச ஆரம்பித்தாள்.

ஒரு நாள் கண்ணாடிக்காரம்மா இனிப்புப் பெட்டியோடு வந்தார். "உங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. நீங்க எல்லாரும் அதிகாரம் பெற்றுட்டீங்க. இனி சொந்தக் கால்ல நிப்பீங்க. அதனால நாங்க அடுத்த மலைக்குப் போறோம்."

"நர்ஸம்மா?" என்றாள் அண்ணி.

"அவங்களும்தான். அங்க இருக்கற பெண்கள் பாவம், இன்னும் உங்க அளவுக்கு முன்னேறலை."

"நிக்கறதுக்குக் கால் போதும்மா. பிரசவத்துக்குப் படுக்கணுமே. என் பொண்ணுக்கு இதோ அதோன்னு இருக்கு. மழை முடியற வரைக்குமாவது விட்டுட்டுப் போங்க."

கண்ணாடிக்காரம்மா, நிறைவு விழா தேதியை மேலிடத்தில் குறித்தாகிவிட்டது என்றார். ஆனால் அதற்கு முன் ஒரு மதிப்பீட்டாளர் வருவார், எங்கள் முன்னேற்றத்தை அவர் பார்த்து எழுத வேண்டும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அண்ணி எங்களைக் கூட்டினாள். "நாம முன்னேறினதுனாலதானே போறாங்க? முன்னேறலைன்னு காட்டுவோம். அன்னைக்கு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தலையை நிமிர்த்தக் கூடாது. பயந்து சாகணும்."

"உங்களால முடியுமா அண்ணி?"

"நான் நடிக்காத நடிப்பா, நாத்தனாரே?"

மதிப்பீட்டாளர் வந்தார். நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணி ஒரு மூலையில் ஒடுங்கி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிரிப்பு. ஏதாவது குறை உண்டா என்று மதிப்பீட்டாளர் கேட்டார், மூச்சுச் சத்தம் இல்லை. கண்ணாடிக்காரம்மாவுக்கு வியர்த்துவிட்டது. "குறையே இல்லை சார், நர்ஸ் எல்லா நாளும் இங்கதான் இருக்காங்க" என்று எடுத்துவிட்டார்.

அவ்வளவுதான். யார் முதலில் ஆரம்பித்தது என்று இன்றைக்கும் எங்களுக்குள் தகராறு, ஆனால் மூலையிலிருந்துதான் சத்தம் வந்தது. எல்லா நாளுமா, யாரைப் பார்த்துச் சொல்றீங்க, ஆத்தங்கரையில வந்து சொல்லுங்க என்று அத்தனை பேரும் எழுந்து ஒரே நேரத்தில் கத்தினோம். பொய்யைக் கேட்டுக்கொண்டு எங்களால் சும்மா இருக்க முடியாது. அது எங்கள் வியாதி.

மதிப்பீட்டாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு அதிகாரியை நேருக்கு நேர் மறுத்துப் பேசறாங்க. இதுக்கு மேல என்ன அதிகாரம் வேணும்!" முழு மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார். இவர்களிடம் எப்படித்தான் நடந்துகொள்வது? கும்பிட்டால் நன்றி தெரிந்தவர்கள், அழுதால் மனம் திறந்தவர்கள், திட்டினால் துணிந்தவர்கள். நாங்கள் எது செய்தாலும் அது அவர்கள் செய்ததாகிவிடும்.

நிறைவு விழா நாள் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய சார் வருவதாக ஏற்பாடு. அன்று காலை அண்ணி வாசலில் நின்று மேல்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரேலென்று இருந்தது.

"மேல கொட்டுது. மத்தியானத்துக்கு மேல ஆறு ஏறிடும். அதுவரைக்கும் கூட்டம் நடந்தா நர்ஸம்மா இந்தக் கரையிலதான் இருப்பாங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "கடைசி ஆளா நீ பேசணும். எவ்ளோ பேசுவ?"

"எவ்ளோ வேணும்?" என்றேன்.

பெரிய சார் வந்தார். மென்மையான மனிதர், எங்கள் பிள்ளைகள் கன்னத்தைத் தட்டினார். கூட ஒரு போட்டோக்காரர், வீடியோவும் எடுத்தார். நர்ஸம்மாவின் தகரப் பெட்டி சுகாதார வீட்டு வாசலில் பூட்டிக் கிடந்தது, நர்ஸம்மா அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அவள் வாங்கினாள், போட்டோவுக்கு நின்றாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை நின்றாள். அதில் மட்டும் குறை வைக்க மாட்டாள். பெரிய சார் கைகூப்பி, "இத்துடன் இந்தக் கூட்டம் இனிதே முடிவடைகிறது" என்றார்.

"முடியலீங்க" என்றாள் அண்ணி.

சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. அவர் நாற்காலியைச் சுற்றி, ஜீப் வரைக்கும், அத்தனை பெண்களும் உட்கார்ந்திருந்தோம்.

"முத நாள் நான் ஒரு கேள்வி கேட்டேனுங்க. கேள்விக்குக் கை தூக்கினேன், என்னைத் தலைவி ஆக்கிட்டாங்க. கேள்வி அப்படியே நிக்குது. எங்க வழக்கப்படி நான் சரின்னு சொல்லாம கூட்டம் முடியாது. எல்லாரும் ஒரு சுத்துப் பேசிடறோம், கேட்டுட்டுப் போங்க."

பெரிய சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஓடிக்கொண்டிருந்த வீடியோவைப் பார்த்தார். தலைக்கு மேல், 'இங்கே சமூகமே முடிவெடுக்கும்' என்று ஆள் உயரத்துக்கு ஊதாவில் எழுதியிருந்தது. "தாராளமா பேசுங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

சுற்று ஆரம்பித்தது. ஒருத்தி தன் பிரசவங்களை மூத்ததிலிருந்து சொன்னாள். இன்னொருத்தி தன் ஆடு குட்டி போட்டதைச் சொன்னாள், அதற்கும் நர்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கண்ணாடிக்காரம்மா கேட்டதற்கு, ஆட்டுக்குக்கூட ஆள் வேண்டியிருந்தது என்றாள். பெரிய சார் ஒவ்வொருத்திக்கும் தலையாட்டினார். டிரைவர் இரண்டு தடவை ஆற்றைப் பார்த்துவிட்டு வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். "ஒரே ஒரு ஆள்தான் பாக்கி சார்" என்றாள் அண்ணி.

எழுந்தேன். உபதலைவி என்று பெயர் வாங்கிய நாளிலிருந்து எனக்கு மைக் கொடுத்ததே இல்லை. அன்றைக்கும் மைக் இல்லை, எனக்குத் தேவையும் இல்லை. என் அண்ணன் பெண் பார்க்கப் போனதிலிருந்து ஆரம்பித்தேன். கூரை சாய்ந்த கதை, ரேடியோ என்று பேர் வைத்த கதை, ஊதா டீ-ஷர்ட் கதை, பின்பக்கமாகச் சாய்ந்த கதை. உங்களுக்கு இதுவரை சொன்னேனே, அத்தனையும் அன்றைக்கு அங்கே சொன்னதுதான், இங்கே கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். பெரிய சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஆற்றங்கரைக்கு வந்தேன். நாற்காலியில் தூக்கிப் போனது, அக்கரையில் நர்ஸம்மா கையை ஆட்டியது, அழாத பிள்ளை. இழுக்க வேண்டும் என்றுதான் பேச ஆரம்பித்தேன். அந்த இடத்தில் இழுக்க முடியவில்லை. "அன்னைக்கு அக்கரையில நின்னு என்ன கத்தினீங்கன்னு இன்னும் எங்களுக்குத் தெரியாது நர்ஸம்மா" என்றேன்.

நர்ஸம்மா பெட்டி மேல் உட்கார்ந்தபடியே அழுதார். "குழந்தையைத் தலைகீழாப் பிடிங்க, முதுகைத் தேய்ங்கன்னு கத்தினேன்" என்றார்.

கண்ணாடிக்காரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கண்ணாடி இல்லாமல் அவர் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன், சின்னப் பெண். அப்போது டிரைவர் ஓடி வந்தார். "சார், இனி ஜீப் இறங்காது. ஆறு வந்துடுச்சு."

"போதும் நாத்தனாரே, மூச்சு விடு" என்றாள் அண்ணி.

நர்ஸம்மா எழுந்தார். எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். "பெட்டியை உள்ள வெச்சிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தூக்கிக்கொண்டு போனார்.

நர்ஸ் கிடைத்தார், கூடவே பெரிய சாரும் கிடைத்தார். அவரையும் போட்டோக்காரரையும் சுகாதார வீட்டின் முன்னறையில் விழா பேனரை விரித்துப் படுக்க வைத்தோம். காலையில் அவர் பல் துலக்க இடம் தேடி அலைந்துகொண்டிருந்தபோது அண்ணியின் மகளுக்கு வலி எடுத்தது. முன்னறையைக் காலி செய்யச் சொன்னோம். பெரிய சார் கையில் பிரஷோடு வெளியே நின்றார். சும்மா நிற்கிறாரே என்று அவர் கையில் ஒரு குடத்தைக் கொடுத்துத் தொட்டியிலிருந்து தண்ணீர் பிடித்துவரச் சொன்னாள் அண்ணி. பிடித்துவந்தார். மறுபடி போகச் சொன்னாள். போனார். அவர் எங்களுக்குக் கொடுத்த எந்தப் பயிற்சியையும்விட நாங்கள் அவருக்குக் கொடுத்தது உருப்படியாக இருந்தது.

இந்தக் குழந்தையும் லேசில் வரவில்லை. கழுத்தில் கொடி சுற்றி, நீலமாக வந்தது. நர்ஸம்மா அதைத் தலைகீழாகப் பிடித்தார், முதுகைத் தேய்த்தார், வாயிலிருந்து எதையோ வழித்தார். நான் அண்ணி மகளின் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அந்தச் சத்தம் வந்தது. அப்படி ஓர் அழுகை, பாட்டியின் தொண்டை அப்படியே. பெண் குழந்தை. அண்ணி வாசல்படியில் உட்கார்ந்து, முந்தானை ஒற்றல் ஒன்றும் இல்லாமல், மூக்கு ஒழுக ஒழுக அழுதாள். அந்த அழுகையைப் போட்டோ எடுக்க வந்தவரை நான் கையை ஓங்கி விரட்டினேன்.

பெரிய சார் காலிக் குடத்தோடு வந்து நின்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "இப்பவாவது சரின்னு சொல்லலாமே, தலைவி" என்றார்.

"பேத்தி பொறந்ததுக்குச் சரிங்க. நர்ஸுக்கு?"

"மேலிடத்துல பேசறேன்."

"உங்களுக்கும் மேல ஆள் இருக்காங்களா?" என்று அண்ணி உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். "பேசிட்டு வாங்க. நாங்க உக்காந்திருக்கோம்."

ஆறு வடிந்ததும் எல்லாரும் போனார்கள், நர்ஸம்மாவும்தான். தகரப் பெட்டியை ஜீப்பில் ஏற்றும்போது அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. பெரிய சார் மேலிடத்தில் பேசினாரோ என்னவோ, வந்தது ஒரு போஸ்டர்தான். அதில் பெரிய சார் எங்கள் பேத்தியைக் கையில் வைத்திருக்கிறார், கீழே 'எங்கள் வெற்றி' என்று ஊதாவில் எழுதியிருக்கிறது. ஒன்பது மாதம் சுமந்தவளும் இல்லை, பிரசவம் பார்த்தவரும் இல்லை, குடம் பிடித்தவர் இருக்கிறார். அண்ணி அதை அடுப்படியில் ஒழுகுகிற இடத்தில் ஒட்டிவிட்டாள். கேடயத்தைப் பேத்தி கடித்து விளையாடுகிறாள்.

போன வாரம் வேறொரு திட்டம் வந்தது. இவர்களுக்குப் பச்சை டீ-ஷர்ட். நாங்கள் முதலிலேயே கேட்ட நிறம், அந்த மட்டுக்கு முன்னேற்றம். வந்த அம்மா சிரித்த முகத்தோடு, "நம்ம முதல் கூட்டத்தை ஆரம்பிக்கலாமா?" என்றார்.

"முதல் கூட்டம் ரொம்ப நாளா நடக்குதும்மா. விட்ட இடத்துலேர்ந்து தொடருங்க" என்றாள் அண்ணி.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "சரி, உங்கள்ல யாரு தலைமை ஏற்கறீங்க?" என்றார்.

அத்தனை பேரும் கை தூக்கினோம். அண்ணி, நான், பேத்தியை இடுப்பில் வைத்திருந்த அண்ணியின் மகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுப் பெண், எல்லாரும். என் அண்ணன்கூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தூக்கினான்.

"அடேயப்பா! இத்தனை தலைவிகளா!" என்று அந்த அம்மா கை தட்டப் போனார்.

"தட்டாதீங்கம்மா" என்றாள் அண்ணி. "எங்க எல்லாருக்கும் ஒரே கேள்விதான். எதிர்வீட்டுப் பொண்ணுக்கு மழையிலதான் நாள். நர்ஸு எப்ப வருவாங்க?"